வசை பாடும் மாப்பிள்ளை

திருத்தணி மலையடிவாரத்தில் பக்தர்களின் செருப்புக்குக் காவல் இருக்கும் கௌரியம்மாளுக்கு உலகத்தில் இரண்டே வகை மனுஷர்கள். செருப்பைத் தொலைத்தவன், அடுத்தவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனவன். புருஷன் வேதாசலம் தும்மினால்கூட எங்கே போய் நனைந்தார் என்று விசாரிப்பாள்.

இன்னொரு பெருமையும் அவளுக்கு உண்டு. கல்யாண நலங்கில் சம்பந்தி வீட்டாரைக் கிண்டல் செய்து பாட அவளை விட்டால் ஆள் கிடையாது. மாப்பிள்ளையின் அம்மாவை எருமை என்று பாடிவிட்டு, அந்தம்மா கையாலேயே தாம்பூலம் வாங்கி வருவாள்.

மகள் சினேகாவை பள்ளிப்பட்டு விசைத்தறிக்காரன் எழிலனுக்கு நிச்சயம் பண்ணியாயிற்று. பத்திரிகை அடிக்கப் போகிற நேரத்தில் பூக்கடை பிரேமா வந்து காதைக் கடித்தாள்.

"யக்கா, ஞாயித்துக்கெழமையானா ஒம் மாப்ள கனகம்மாசத்திரத்துல ஒருத்தனோட சண்டையாம். அப்பன் ஆயியெல்லாம் இழுத்துத் திட்டிக்கிறானுங்களாம். சுத்தி நின்னுகினு ஜனம் கைதட்டுதாம்!"

"குடியா?"

"கறுப்பா என்னமோ வாயிகிட்ட வச்சிகினு இருக்கானாம். அத்த வேற நான் சொல்லணுமா?"

கௌரியம்மாள் அச்சகத்துக்கு ஓடினாள். பத்திரிகையை நிறுத்தினாள். மகளிடம் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேதாசலத்தைச் செருப்புக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

கனகம்மாசத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு காலி மனை. ஸ்பீக்கர் திம்திம் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஓர் ஆட்டோ மறைவில் நின்றாள். ஹேமநாதன் என்கிற ஒல்லிப் பையன் மைக்கோடு எழிலன்மேல் பாய்ந்தான்.

"தறி ஓட்டுற கையி, வாயத் தொறந்தா பொய்யி,
பொண்ணு பாக்கப் போன எடத்துல பஜ்ஜி ரொப்புன பையி!"

கௌரியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண் பார்த்த அன்றைக்குத் தட்டில் பஜ்ஜி குறைந்தது நிஜம். வேதாசலம் தின்றதாக அல்லவா நினைத்திருந்தாள்!

எழிலன் கை ஓங்குவான் என்று பார்த்தால், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். மைக்கை வாங்கினான்.

"பஜ்ஜி திருட முடியுமாடா? மாமியா கண்ணு கேமரா!
செருப்ப எண்ணுற பொம்பளைக்கு பஜ்ஜி எண்ணத் தெரியாதா?"

கௌரியம்மாள் வெளியே வந்தாள். எழிலன் முகம் வெளுத்தது.

"இன்னா நைனா கூத்து இது?"

"ஹிப் ஹாப் பாட்டுங்க அத்தே. நியூயார்க்குல கஷ்டப்பட்ட ஜனங்க தெருவுல ஆரம்பிச்சது. வெளக்குக் கம்பத்துல ஒயர மாட்டி, ஸ்பீக்கர் வச்சிப் பாடுவாங்களாம். அடிச்சிகினு கெடந்த பசங்க அப்பால வார்த்தையால மோதிகினாங்க. எவ்ளோ திட்டுனாலும் கோவப்படக் கூடாது, அதான் ரூலு."

"கம்பத்துலயா? கரண்டு திருட்டு!"

சொன்னதை நம்பிவிடுகிற ரகமா அவள்? மைக்கைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தாள். சாராய வாடை இல்லை. தொண்டையைச் செருமினாள்.

"மொழ நீள நாக்கு மாப்ள, மூஞ்சி காஞ்ச வத்தலு,
பெத்துப் போட்ட மவராசி பல்லு போன தொத்தலு!"

கூட்டம் விசிலடித்தது. அவள் கண் மட்டும் எழிலனின் கைமேல் இருந்தது. விரல் மடங்குகிறதா? இல்லை. அவன்தான் முதலில் கைதட்டினான்.

"பெத்தவளச் சொன்னனே, கோவம் வர்லியா?"

"பாட்டுல சொன்னது பாட்டோட போச்சுங்க அத்தே."

திரும்பி வந்ததும் வேதாசலத்திடம் சொன்னாள்: "பத்திரிக அடிக்கக் குடு. இவ்ளோ திட்டு வாங்கிகினு சிரிக்கிறவன் எம் பொண்ணு மேல கைய வைக்க மாட்டான்."

"அப்பாடா!" என்றார் அவர்.

"இன்னா அப்பாடா? பஜ்ஜிய மாப்ள எடுக்கல. யோவ், இப்ப நீ சொல்லு."