மாலைதீவில் வந்த போன்

வெள்ளைக்காரர் ஒருவரின் பாய்க்கப்பலில் நானும் எருக்கலம்பிட்டி ஊர்க்காரன் நிசாரும் ஏழு மாதம் வேலை செய்தோம். ஊர் திரும்ப மூன்று வாரம் இருக்க, நாங்கள் மாலைதீவில் நின்றபோது அவன் தங்கை ஊரிலிருந்து என் போனுக்கு எடுத்தாள். அவனிடம் போன் இல்லை.

“உம்மாக்கு சுகமில்லை, கடுமை. நானாவை உடன வரச் சொல்லுங்கோ.”

அண்ணன்காரன் இறங்கினால் பாய் இழுக்க நான் தனியாள். “சொல்லுறன்” என்றேன். அவனிடம் சொல்லாமல், போனையும் நிறுத்தி வைத்தேன்.

திரும்பும் வழியில், உம்மாவுக்கு வாங்கிய சால்வையைத் தலையில் போட்டு, “எப்பிடியடா, உம்மா மாதிரியே?” என்று நிசார் நெளிந்தான். நானும் சிரித்தேன்.

ஊர் வந்து இறங்கியதும் அவன் வீட்டுக்குக் கூடவே போனேன். தங்கை வாசலுக்கு வந்தாள்.

“உம்மா மௌத்தாகி மூண்டு நாள். கடைசிவரைக்கும் உங்களைத்தான் கேட்டவ. உங்கட கூட்டாளிட்ட நான் போனில சொன்னனான்தானே?”

நிசார் என்னைப் பார்த்தான்.

“லைன் விளங்கேல்லை, சும்மா ‘சொல்லுறன்’ எண்டனான்” என்றேன்.

அவன் நம்பினான். என் தோளில் சாய்ந்து அழுதான்.

இப்போதும் கப்பலில்தான் திரிகிறேன். இரவில் என் காவல் முறையை நம்பி ஒருவன் தூங்கும்போது கூச்சமாக இருக்கிறது.