பதினொரு மாதக் குத்தகை

மார்கழி முதல் நாள், காலை ஒன்பது பத்து. கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது மகளிடமிருந்து போன் வந்தது. "அப்பா, நெலத்துக்கிட்ட ஜேசிபி வந்து நிக்குது. கல்லு நடணும்னு சொல்றாங்க. நீங்க பதட்டப்படாம வாங்க." ஷட்டரை அப்படியே பாதியில் விட்டுவிட்டு வந்தது, வயல் இருக்கும் அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

எனக்கு டைப்பிங், ஜெராக்ஸ் கடை. ரமணாசிரமம் பக்கம் அறைகளை வாடகைக்கு விடுகிறவர்கள் ஒப்பந்தம் எழுத என்னிடம்தான் வருவார்கள். இருபது வருடமாக அதைச் செய்கிறேன். வீட்டில் யாரும் விவசாயம் பார்த்ததில்லை. பி.காம் முடித்துச் சென்னையில் இரண்டு வருடம் வேலை பார்த்த மகள், ஒரு நாள் திரும்பி வந்து, நெல் போடப் போகிறேன் என்றாள். அன்று முதல் எனக்குச் சரியான தூக்கமில்லை.

முதலில் நிலம் வாங்கலாம் என்றுதான் பார்த்தோம். எங்களை அழைத்துப்போன தரகர் பைக்கில் உட்கார்ந்தபடியே கேட்டார். "மலை தெரியற எடமா, தெரியாத எடமா சார்? தெரிஞ்சா வேற ரேட்டு."

"நெல்லுக்கு மலை தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்னண்ணே?" என்றாள் மகள்.

"நெல்லா? நெல்லு போடறவங்க யாரும்மா இங்க நெலம் வாங்கறாங்க?" என்று சிரித்துவிட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு சென்ட் வாங்கவே என் கடையின் ஒரு வருட வரும்படி போதாது. செங்கம் சாலையில் எவ்வளவு தள்ளிப் போனாலும் ஏக்கர் கணக்கில் யாரும் பேசவில்லை. எல்லா இடத்திலும் மனைக் கணக்குதான். வயலாக வாங்கி வயலாகவே வைத்துக்கொள்ள நினைக்கிறவருக்கு அந்த விலை எந்தக் காலத்திலும் கட்டாது.

அதனால் குத்தகைக்குத் தேடினோம். அடி அண்ணாமலையில் ஒரு பெரியவர் எண்பது சென்ட் தர ஒத்துக்கொண்டார். கிணற்றில் பாதிப் பங்கு தண்ணீர். வருடத்துக்கு ஆறு மூட்டை நெல். "அறுப்புக்கு அறுப்பு. அவ்ளோதான்மா பேச்சு," என்றார். அந்தப் பக்கத்தில் குத்தகை எல்லாமே அப்படித்தான். ஓர் அறுப்பு முடிந்ததும் நிலம் கைமாறும். அடுத்த சம்பா அறுப்பு முடிந்ததும் திரும்பிப் போகும். காகிதம் கிடையாது.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. பிள்ளையின் உழைப்பை வாய்ப்பேச்சை நம்பி விடுவதா? எழுத்தில் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். "எழுதிக்கினு வாங்க சார், கையெழுத்துதானே," என்றார் பெரியவர். கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் இருந்த வாடகை ஒப்பந்தத்தைத் திறந்து, 'வீடு' என்ற இடங்களில் 'நிலம்' என்று மாற்றினேன். பதினொரு மாதம் என்பதை மாற்றவில்லை. அதற்கு மேல் போனால் பதிவு, முத்திரைக் கட்டணம் என்று செலவு வரும். இருபது வருடமாக எல்லோருக்கும் பதினொன்றுதான் போட்டிருக்கிறேன். மாட்டுப் பொங்கல் அன்று கையெழுத்தானது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்ற வரியை நீக்க மறந்திருந்தேன். மகள் அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் என்னைக் கேலி செய்தாள். பதினொரு மாதம் எங்கே போய் முடியும் என்று நானும் எண்ணிப் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை.

அது, ஜேசிபி வந்ததற்கு முந்தின நாளோடு முடிந்திருந்தது. பயிரோ அப்போதுதான் பால் பிடித்திருந்தது, அறுப்புக்கு இன்னும் நாள் இருந்தது.

வரப்போரம் ஜேசிபியும், கருங்கற்கள் ஏற்றிய டிராக்டரும் நின்றன. பக்கத்தில் பெரியவரின் மகன், சென்னையில் இருப்பவர். நிலத்தை விற்கப் போகிறார்கள் என்று எங்களுக்கு முன்பே தெரியும். அடுத்த வருடத்துக்கு எங்களுக்கு இந்த நிலம் இல்லை என்பதும் தெரியும். ஆனால் வாங்குகிறவர் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார், அதற்குள் நிரவி மனைக்கல் நட்டுவிட வேண்டும் என்று மகன் இப்படி வந்து நிற்பார் என்று நினைக்கவில்லை. என்னைக் கண்டதும் போனில் ஒரு படத்தைக் காட்டினார். நான் டைப் செய்த காகிதம்.

"நீங்க போட்ட அக்ரிமென்ட்தான் சார். நேத்தோட முடிஞ்சுது. தப்பு ஒண்ணும் இல்லியே?"

தப்பு ஒன்றுமில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். "எதுனா பார்த்துச் செய்ங்க தம்பி," என்றேன். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மகள் என் பக்கம் திரும்பவில்லை. அவரிடம், "பேப்பர் முடிஞ்சிடுச்சு, ஒத்துக்கறேன். பயிர் முடியலண்ணா," என்றாள்.

"நஷ்டத்துக்கு ஒரு தொகை சொல்லும்மா. குடுத்துடறேன்."

"காசு வேணாம். எனக்கு நெல்லுதான் வேணும்."

"மொத்தமா பதினஞ்சு மூட்டை வருமா இதுல? அத்தனை மூட்டையும் கடையில வாங்கித் தந்துடட்டுமா?"

"கடையில இருக்கறது நான் போட்டது இல்லியே," என்றாள். குரல் உயரவில்லை. வார்த்தை தடுமாறவில்லை. வீட்டில் கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலியில் ஏறுகிற பெண் அவள்.

அவர் டிரைவரைப் பார்த்து, வண்டியை இறக்கு என்று கை காட்டினார். டிரைவர் கீழே இறங்கி வந்தான். வயலை ஒரு பார்வை பார்த்தான். "கதிர் வந்துட்ச்சிண்ணே. பால் புடிச்ச பயிருல நான் ஏத்த மாட்டேன். வேற ஆளைப் பாருங்க."

"வாடகை நான்தானேடா குடுக்கறேன்?"

"வரப்போக டீசல் குடுங்க போதும்."

அந்த நேரம் மோட்டார் அறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. மும்முனை மின்சாரம் பத்து மணிக்கு வரும். அன்று தண்ணீர் முறை எங்களுடையது. மகள் பேச்சை அப்படியே விட்டுவிட்டு நடந்து போய் சுவிட்சைப் போட்டாள். மண்வெட்டியை எடுத்து மடையைத் திறந்தாள். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீருக்கு முன்னால் நடந்து போனாள். கொஞ்ச நேரத்தில் வயல் முழுக்கச் சேறானது. வேறு டிரைவர் வந்தாலும் அன்றைக்கு இனி இறங்க முடியாது. இதை யோசித்துச் செய்தாயா என்று பிறகு கேட்டேன். "மொறை நம்மளுதுப்பா. விட்டா அஞ்சு நாள் ஆகும்," என்றாள். எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

நிழலில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நிறைந்துகொண்டிருந்தது. நான் எழுதிக் கொடுத்த எந்தக் காகிதமும் அவளைக் காப்பாற்றவில்லை. அவளும் அதைத் தேடவில்லை. இந்தப் பெண் என் பெண் என்று அங்கே நின்ற டிராக்டர்காரனிடம்கூடச் சொல்லிவிட்டேன். "தெரியும் சார், நாத்து வுடறப்பவே பார்த்தேன்," என்றான் அவன்.

"பெரியவருக்கு ஒரு போன் போடலாமாம்மா?" என்று கேட்டேன்.

"உங்களுக்குப் போடறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன். போளூர்ல பொண்ணு வூட்ல இருக்கார். கிளம்பிட்டார்."

பதினொன்றரைக்கு ஷேர் ஆட்டோ ஒன்று சாலையில் நின்றது. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். கற்களைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். மகனிடம், "வித்துக்கோன்னு நான்தான் சொன்னேன். பொங்கல் தாண்டின்னு சொன்னனா இல்லியா?" என்றார். மகன் போனைப் பையில் போட்டார். என் காகிதத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

பிறகு பெரியவர் வரப்பில் இறங்கி, ஒரு கதிரில் ஒரு மணியைக் கிள்ளி நசுக்கிப் பார்த்தார். விரலில் பால் ஒட்டியது. சேற்றில் நின்ற மகளைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னும் எத்தினி நாளும்மா?"

"இருபத்திரண்டு நாள் தாத்தா."

"முப்பதா வெச்சிக்கோ. நடுவுல மழை கிழை வந்தா இன்னா பண்ணுவ?"