பாசி உருண்டைக்குள் குடித்தனம்

மதுரையில் இருந்துகொண்டு கடலாராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் சிரிக்காதவர்கள் குறைவு. வாடிப்பட்டியிலிருந்து தினமும் நான் ஏறும் பேருந்தின் நடத்துநர்கூட, வைகையிலேயே தண்ணீர் இல்லை, நீங்கள் கடலுக்குப் போய்விட்டீர்களாக்கும் என்று கேட்டிருக்கிறார். நானும் சிரித்துவைத்தேன். என்னுடைய கடல் கல்லூரி விலங்கியல் துறையின் பின்பக்க ஆய்வகத்தில், ஒரு மர அலமாரியில், பன்னிரண்டு கண்ணாடி பாட்டில்களில் இருந்தது.

பாட்டில்களுக்குள் ஸ்பிரிட்டில் ஊறிக்கொண்டிருந்தவை ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்துக் கடல் தரையிலிருந்து எடுத்துவந்த சுண்ணாம்புப் பாசி உருண்டைகள். பாசி என்றால் வழுக்கும் என்று நினைப்போம். இது எலுமிச்சம்பழ அளவில், வெளிறிய சிவப்பில், கல் மாதிரி கனக்கும். அதன் சந்துபொந்துகளில் இறாலுக்குத் தூரத்து உறவான சிற்றுயிர்கள் குடியிருக்கும். பெரும்பாலானவை சீரகத்தைவிடச் சிறியவை. ஒருவகை தனக்கென்று மண்ணில் குழாய் கட்டிக்கொள்ளும். இன்னொருவகைத் தாய் குஞ்சுகளை நெஞ்சுக்கு அடியில் ஒரு பையில் சுமக்கும். நுண்ணோக்கியில் அந்தப் பைக்குள் குஞ்சுகளின் கண்கள் கரும்புள்ளிகளாகத் தெரிந்த நாளில் நான் மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன். அவற்றின் மேல் எனக்கு அம்புட்டு ஆசை.

என் ஆய்வின் கேள்வி எளிது. கரையோரத்து உருண்டையிலும் ஆழத்து உருண்டையிலும் ஒரே குடித்தனக்காரர்களா, வேறு வேறா? கரையோரத்துக்கு ஆறு பாட்டில், ஆழத்துக்கு ஆறு. என் பேராசிரியர் மே மாதம் ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் கடல் கலங்கிவிடும், மறுபடி உருண்டை எடுக்க மார்ச் ஆகிவிடும். அதனால் அந்தப் பன்னிரண்டையும் விட்டால் எனக்கு வேறு கதியில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நான் மதியமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். ஆய்வகத்தைக் கழுவிப் பொட்டு வைக்கிற வேலையை உதவியாளர் அக்கா எப்போதும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்வார். கொட்டாம்பட்டிப் பக்கத்துக்காரர். ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாக விடமாட்டார்.

விடுமுறை முடிந்து வந்து அலமாரியைத் திறந்தேன். நுண்ணோக்கிக்குச் சந்தனம், தராசுக்குச் சந்தனம். என் பாட்டில்கள் பளபளவென்று, உயர வாரியாக அடுக்கப்பட்டு, மூடிக்கு மூடி குங்குமத்தோடு நின்றன. அழுக்கு போகட்டும் என்று அக்கா ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்திருக்கிறார். வெளியே மார்க்கர் பேனாவில் நான் எழுதியிருந்தது ஒன்றுகூட இல்லை. எது கரை, எது ஆழம் என்று தெரியவில்லை.

பேராசிரியர் வந்து பார்த்தார். எங்கள் ஆய்வகத்தில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு: பென்சிலில் எழுதிய சீட்டை பாட்டிலுக்கு உள்ளே போட வேண்டும், ஸ்பிரிட்டில் பென்சில் அழியாது. மண்டபத்தில் வெயிலும் களைப்புமாக இருந்ததால், மதுரைக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டவள் நான். வந்தும் போடவில்லை. அவர் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"நான்தான் சார் துடைச்சேன்."

கேட்காமல் எப்படித் துடைக்கலாம் என்று அவர் அக்காவைக் கடிந்துகொண்டார். இத்தனை வருஷ அனுபவம் எதற்கு என்றும் கேட்டார். அக்கா தலையைக் குனிந்து நின்றார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி நின்றேன். அக்கா மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் இருந்தது, அதனால் சும்மா இருப்பது சுலபமாகவும் இருந்தது.

அடுத்த நான்கு நாட்கள் ஒவ்வொரு பாட்டிலிலும் ஓர் உருண்டையை எடுத்து உடைத்து, உள்ளே இருந்தவற்றைத் தூரிகையால் பொறுக்கினேன். முந்தைய பயணங்களில் கொஞ்சம் பார்த்திருந்ததால் எனக்கு ஓர் ஊகம் இருந்தது: குழாய் கட்டுகிறவை ஆழத்து ஆட்கள். அந்தக் கணக்கில் பிரித்ததும் பாட்டில்கள் ஆறுக்கு ஆறு என்று அழகாகப் பிரிந்தன. ஆய்வேடு பிழைத்தது என்று கேன்டீனில் போய் ஒரு வடை சாப்பிட்டேன்.

மறுநாள் முடிவை எழுத உட்கார்ந்தேன். 'ஆழத்து உருண்டைகளில் குழாய் கட்டும் வகை அதிகம்' என்று முதல் வரி. அது எப்படித் தெரியும் என்று என்னையே கேட்டுக்கொண்டபோது, அந்த வகை அதிகம் இருந்ததால்தானே அதை ஆழம் என்றேன் என்று உறைத்தது. பிரிக்கும்போதே விடையை நான் உள்ளே வைத்துவிட்டேன். வெளியே யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மாலையில் பேராசிரியர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், சீட்டு போடாதது உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பாட்டில்களை ஒப்பீட்டுக்கு எடுக்க முடியாது, மார்ச்சில் மறுபடி போ, வேறு வழிகாட்டிக்கு நான் சொல்லிவைக்கிறேன் என்றார். குரலில் கோபமே இல்லை. நான் எழுந்ததும் ஒன்று மட்டும் கேட்டார்.

"அந்தம்மாகிட்ட சொல்லிட்டியா?"

அக்கா பின்கட்டில் பெட்ரி தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது, உள்ளே நான் சீட்டு போடவில்லை, சாரிடம் இப்போதுதான் சொன்னேன் என்றேன். அவர் குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்தார்.

"தெரியும்மா. மத்தவங்க பாட்டில் எல்லாத்துலயும் உள்ள சீட்டு இருந்துச்சு. அந்த நெனப்புலதான் உங்களதையும் துடைச்சேன். துடைச்சப்புறந்தான் பாத்தேன், உள்ள ஒண்ணுமில்ல."

"அப்ப அன்னைக்கே சார்கிட்ட சொல்லியிருக்கலாம்ல அக்கா?"

அவர் அடுத்த தட்டைக் கையில் எடுத்தார்.

"நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்மா."