மறையூர் ரோட்டில் மூன்று பேர்

என் சித்தியும் சித்தப்பாவும் மோட்டார் சைக்கிளில் மலை பார்க்கப் போனபோது மூன்றாவது ஆளாக நானும் போனேன். தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்கு எட்டு வயது. திருவனந்தபுரத்தில் பழவங்காடிக்குப் பின்னால் ஒரே வீட்டில் எல்லோரும் கூட்டாக இருந்தோம். ஓணப் பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தது. வீட்டில் ஏழு பிள்ளைகள் இருக்க என்னை மட்டும் கூட்டிப்போகிறார்கள் என்றால், என்மேல்தான் அவர்களுக்கு உயிர் என்று நம்பினேன்.

உண்மையில் அவர்கள் இருவரும் நாலு மாதமாகப் பேசிக்கொள்ளவில்லை. சித்தப்பா ஆபீஸ் நண்பர்களோடு மறையூர் பக்கம் வண்டியில் சுற்றப் போயிருந்தபோது சித்திக்கு வயிற்றிலிருந்த பிள்ளை கலைந்துபோனது. அவருக்குத் தகவல் சொல்ல வழியில்லை. மூன்றாம் நாள் வெயிலில் கறுத்த முகமும் கையில் ஒரு கட்டு மறையூர் வெல்லமுமாகச் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்தது இவ்வளவுதான்: சித்தி ஒருநாள், "அவரு போன எடத்த எனக்கும் பாக்கணும்" என்று அம்மாவிடம் சொன்னாள். "ரெண்டு பேரும் ஊமையாட்டு எப்பிடிப் போவிய? இவளையும் கூட்டிட்டுப் போங்க" என்று அம்மா என்னை முன்னால் தள்ளிவிட்டாள்.

சித்தப்பா முன்னால், சித்தி பின்னால், நடுவில் நான். தென்மலை தாண்டிச் செங்கோட்டை இறங்குவதற்குள் என் வேலை என்னவென்று பிடிபட்டுவிட்டது.

"மக்ளே, சித்தப்பாட்ட சொல்லு, தொண்டை காயுதுன்னு."

அது அவர் காதிலும் விழத்தான் செய்யும். ஆனாலும் நான் சொன்ன பிறகே வண்டி ஓரம் கட்டும். "சித்திட்ட கேளு, சாயா வேணுமா, சர்பத்தா?" என்பார். திரும்பிக் கேட்பேன். ராஜபாளையம் தாண்டிய வெட்டவெளியில் எதிர்க்காற்று ஆளையே தள்ளியது. அந்தக் காற்றில் கத்திக் கத்திச் சொன்ன உற்சாகத்தில் நானாகவே சிலதைச் சேர்க்க ஆரம்பித்தேன்.

"நீங்க நல்லா ஓட்டுதியளாம். சித்தி சொல்லச் சொன்னா."

சித்தி என் இடுப்பில் கிள்ளினாள். ஆனால் இல்லையென்று சொல்லவில்லை.

போடி மலை ஏறி மூணாறில் தங்கினோம். ராஜமலையில் வரையாடுகள் கைக்கெட்டும் தூரத்தில் மேய்ந்தன. சித்தப்பா அவற்றை எனக்குக் காட்டினார். சித்தியும் என்னிடமே ஆச்சரியப்பட்டாள். அவ்வளவு பெரிய மலையில் என்னை விட்டால் அவர்களுக்கு வேறு ஆளில்லை.

மறுநாள் மறையூர் தாண்டிக் காட்டுக்குள் போகும் ரோட்டில், ஒரு வளைவு திரும்பியதும் ஒற்றை யானை நின்றது. சித்தப்பா எஞ்சினை அணைத்தார். "அனங்காத, ஆடாம இரு" என்றார் மெதுவாக. யானை எங்களைக் கவனித்த மாதிரியே இல்லை. மூங்கிலை ஒடித்து ஒடித்துத் தின்றது. அந்தச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. வெகுநேரம் அப்படியே இருந்தோம்.

என் தலைக்கு மேலே சித்தியின் குரல் கேட்டது.

"அண்ணைக்கு இந்த ரோட்டுலதான் நிண்ணியளா?"

வழக்கப்படி அதைச் சித்தப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே "ஆமா" என்றுவிட்டார்.

"நான் ஆஸ்பத்திரியில வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நீங்கதான்னு நெனச்சேன்."

என் கன்னம் சித்தப்பாவின் முதுகில் பதிந்திருந்தது. அந்த முதுகு குலுங்கியது. இவ்வளவு பெரிய ஆள் ஒரு யானைக்கு இப்படிப் பயப்படுகிறாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

"அழாதீங்க சித்தப்பா, அது போயிரும்" என்றேன்.

பின்னாலிருந்து சித்தியின் கைகள் நீண்டு, என்னையும் சேர்த்து அவரை இறுக்கிக்கொண்டன. எனக்கு மூச்சு முட்டியது. யானை எப்போது காட்டுக்குள் இறங்கியது என்று மூன்று பேருமே பார்க்கவில்லை.

சின்னாறு கடந்து உடுமலைப் பக்கம் இறங்கினால் மறுபடியும் கண்ணுக்கெட்டிய வரை வெட்டவெளி. இருவரும் எனக்கு மேலாகப் பேசிக்கொண்டே வந்தார்கள். பேச்சு கொஞ்ச தூரம் சண்டையாகப் போனது. பிறகு, அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்திருந்தால் என்ன பெயர் வைத்திருக்கலாம் என்று எதையோ சொல்லி இருவரும் சிரித்தார்கள். சித்தி மூக்கை உறிஞ்சினாள்.

"சித்தி, சித்தப்பாட்ட ஏதாம் சொல்லணுமா?"

"நானே சொல்லிக்கிடுதேன் மக்ளே."

என் வேலை போய்விட்டது. நான் ஏதோ தப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டேன் போல என்று, ஊர் வந்து சேரும் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். யார் என்ன வாங்கிக் கொடுத்தும் தின்னவில்லை.

அந்தக் கோபத்தில்தான், வீட்டு வாசலில் இறங்கியதும் எல்லோரும் கேட்கக் கத்தினேன்: "சித்தப்பா ஆனையப் பாத்து அழுதுட்டாரு!"

வீடே சிரித்தது. "ஏண்டே, உள்ளதா?" என்று அப்பா கேட்டார்.

சித்தப்பா ஹேண்டிலை விடாமல் நின்றார். "உள்ளதுதான் அண்ணா. ரொம்பப் பயந்துட்டேன்."

அம்மா மட்டும் சிரிக்காமல் சித்தியைப் பார்த்தாள். சித்தி குனிந்து பையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ அவரைக் காட்டிக்கொடுத்து ஜெயித்துவிட்ட சந்தோஷம். அதன்பிறகு பல வருஷம், வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொன்னேன். சித்தப்பா ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டி, "ஆமா, பெரிய ஆனையாக்கும்" என்பார்.