அருள் பாலித்த மோர் வேன்

தைப்பூசத்தன்று லிட்டில் இந்தியாவிலிருந்து டோபி காட் பக்கமாக நடந்து வரும் பக்தர்களுக்கு எங்கள் நண்பர் குழு ஒரு வேனில் மோர் கொடுத்தது. குழுத் தலைவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. அப்படி ஏதாவது இருந்தால் அது தேவையில்லாத விஷயம்.

வேனுக்குள் இருந்த குளிர்பெட்டிக்கு வழியோரக் கடையிலிருந்து மின்சாரம். தலைவர் இந்தியாவிலிருந்து பயணப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த ஒயரின் பிளக் இங்கே பொருந்தவில்லை. அதை வெட்டிப் போட்டுவிட்டு இந்த ஊர் பிளக்கை மாட்டினார். உள்ளிருந்த மூன்றில் பச்சை ஒயர் மட்டும் எட்டவில்லை. டேப் சுற்றி மடக்கிவிட்டார். குளிர்பெட்டி ஓடியது, அப்புறம் பச்சை எதற்கு?

நான் ஷிப்யார்டில் பாதுகாப்பு அதிகாரி. அதனாலேயே என்னைத் தாமதமாகத்தான் கூப்பிடுவார்கள். நான் போனபோது வேனுக்கு மாலை போட்டிருந்தது. மோர் சிந்திய ஈரத் தரையில் நின்று, வரிசையாக எல்லாரும் வேனைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முருகா! உடம்பெல்லாம் சிலிர்க்குதுப்பா!" என்று ஓர் அம்மா கையை உதறினார்.

நானும் தொட்டேன். ஒன்றுமில்லை.

"உங்களுக்குப் பக்தி பத்தலை," என்றார் தலைவர்.

குனிந்து பார்த்தேன். நான் தடித்த ரப்பர் ஷூவில் இருந்தேன். சிலிர்த்தவர்கள் எல்லாரும் வெறுங்காலில் இருந்தார்கள். ஒயரைப் பிடித்துக்கொண்டே கடை வரை போனேன். பிளக்குக்குப் பக்கத்தில் பச்சை ஒயர் டேப்புக்குள் மடங்கிக் கிடந்தது. என் மனைவி பால்குடத்தோடு இந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தாள். வேனின் மகிமை வாட்ஸ்அப்பில் கூடவே வரும் அவள் தங்கைக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது.

திரும்பி வேனுக்கு ஓடிவந்து தலைவரிடம் சொன்னேன்: "அண்ணே, அந்தப் பச்சைதான் எர்த். அது இல்லாம வேன் உடம்புல கரண்ட் கசியுது."

"நாலு டயரும் ரப்பர்லா! எப்படி ஷாக் அடிக்கும்?"

"ரப்பர்ங்கறதாலதான் கரண்ட் தரைக்கு இறங்க வழியில்லாம நிக்குது. ஈரக் காலோட தொடுற ஆள் வழியா இறங்கும். இப்ப சிலிர்க்குது. கசிவு கொஞ்சம் கூடினா ஆளே போயிடும்."

"நல்ல நாள்ல அபசகுனமா பேசாதீங்க," என்றார் அவர். கூட்டத்தில் ஒருவர் எனக்கு விபூதி நீட்டினார்.

விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் நடக்காது என்று தெரிந்தது. தெருத் திருப்பத்தில் மஞ்சள் புடவையும் குடமும் தெரிந்தன. கடைக்குள் ஓடிப் பிளக்கைப் பிடுங்கினேன். குளிர்பெட்டி நின்றது. தலைவர் என்னை ஷிப்யார்டோடு சேர்த்துத் திட்டினார். இனி எந்தத் திருவிழாவுக்கும் வரக் கூடாதாம். பிளக்கை முதுகுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் மனைவி வந்தாள். வெறுங்கால் மோரில் நனைந்திருந்தது. ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையை வேனின் கதவில் வைத்தாள். கண்ணை மூடினாள். வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு என்னைத் தேடிப் பார்த்தாள்.

"என்னங்க, எல்லாருக்கும் சிலிர்த்துச்சாமே. எனக்கு மட்டும் ஒண்ணுமே ஆகலையே. நான் என்ன பாவம் பண்ணினேன்?"

அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அவள் அழுவதைப் பார்த்து வாழ்க்கையில் அன்றைக்குத்தான் நான் சந்தோஷப்பட்டேன்.