சூடத்தை அணைத்த கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் நான். வாராவாரம் என் கோணல்மாணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்கிறீர்கள். இந்த வாரம் மறதியையும் சேர்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன அமாவாசைக்கு என் மூத்த பெண் அவள் அப்பாவுக்குத் திதி கொடுக்கப் போனாள். "பிள்ளை யாரும் இல்லையா?" என்றார் ஐயர். "நான்தாங்க பிள்ளை" என்றாளாம்.

பிள்ளை ஏன் இல்லை? அது எங்கள் வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் இரண்டு பேர் இப்போது இல்லை.

அறுபதுகளின் கடைசி. நெய்வேலியில் குவார்ட்டர்ஸ். வீட்டுக்காரருக்கு மைன்ஸில் ஷிஃப்ட். மூன்றாவது பெண்ணின் பிரசவத்தில் நான் பிழைத்ததே பெரிது. "இன்னொன்று வந்தால் உயிருக்கு ஆபத்து" என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா. கொஞ்ச நாளில் இவரே சத்தமில்லாமல் போய் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு வந்தார்.

"வெளியில மூச்சு விடாத. மைன்ஸ்ல தெரிஞ்சா காயடிச்ச மாடுன்னுவானுங்க."

வருஷங்கள் போயின. ஒருநாள் காடாம்புலியூரிலிருந்து மாமியார் வந்தார், ஒரு பலாப்பழத்தோடும் ஒரு முடிவோடும். என் பெண்கள் மூவரும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள்.

"இன்னாடி, மூணு பொட்டையோட நின்னுகினியே? புள்ள உண்டாவாம இருக்க லூப்பு கீப்பு வச்சிக்கினியா?"

"இல்லங்க அத்தை."

"அப்ப ஏன் தங்கல? ஊர்ல ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்கேன். எம்புள்ளைக்குக் கொள்ளி வைக்க ஒருத்தன் வேணாமா?"

அதோடு விட்டாரா? சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினார்.

"ஒண்ணும் பண்ணிக்கலன்னு அடிச்சி சத்தியம் பண்ணு. பொய் சொன்னா உம்பொண்ணுங்க வெளங்காது!"

நான் ஒன்றும் செய்துகொள்ளவில்லைதான். ஆனால் சூடத்தை அடித்துவிட்டால்? குறை என்னிடம் என்றாகிவிடும், இன்னொருத்தி வீட்டுக்குள் வந்துவிடுவாள். உண்மையைச் சொன்னால்? வீட்டுக்காரர் மானம் போகும். சூடம் எரிகிறது... என் கை எழவே இல்லை.

வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடும் சத்தம். ஷிஃப்ட் முடிந்து வந்தவர் சூடத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து, நிலக்கரித் தூசி படிந்த உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். சூடம் அணைந்தது.

"பண்ணிக்கினது நான்தாம்மா. எத்தினி பொண்ணு கொண்டாந்தாலும் இனிமே எனக்குப் பொறக்காது."

"அடப்பாவி... உனக்கு யாருடா கொள்ளி வைப்பா?"

"நான் செத்தப்புறம் யார் வச்சா எனக்கின்னாம்மா தெரியப் போவுது? இவ செத்தா தெரியுமே!"

மாமியார் பலாப்பழத்தைக்கூட அறுக்காமல் பண்ருட்டி பஸ் ஏறிவிட்டார். ஆனால் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

செத்த பிறகு வேண்டிய ஒரு கைக்காக, உயிரோடு இருக்கிற எத்தனை வயிறுகளைப் பணயம் வைத்தோம்!

லூப் முதலில் வந்ததா, ஆம்பளைகளுக்கான ஆபரேஷனா — எனக்குக் குழப்பம். அந்தக் காலத்து நெய்வேலிக்காரர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். அவர் உள்ளங்கைக் கொப்புளத்துக்கு நான் தேங்காய் எண்ணெய் தடவியதை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம்.