ஒரகடத்தில் அளவு கொடுத்தோம்

2004, தை மாதம், பொங்கல் கழிந்த ஞாயிறு. காலை ஆறேகாலுக்குக் கோயம்பேட்டில் காஞ்சிபுரம் வண்டி ஏறினேன். ஸ்ரீபெரும்புதூருக்குப் பதினோரு ரூபாய். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. ஜன்னலுக்குக் கண்ணாடிதான் கிடைக்கவில்லை. நாற்பத்தெட்டு வயதில், லேசான சர்க்கரையோடும் லேசென்று சொல்ல முடியாத தொந்தியோடும், இத்தாலியில் கட்டப்போகிற பந்தயச் சைக்கிளுக்கு உடம்பளவு கொடுக்கப் புறப்பட்ட அரசாங்க குமாஸ்தா எனக்கு முன் யாரும் இருந்திருக்க மாட்டார். இத்தாலிக்குப் போகிறவர்கள் மீனம்பாக்கம் போவார்கள். எனக்கு இத்தாலி பூந்தமல்லியைத் தாண்டி இருந்தது.

விஷயம் இதுதான். என் மனைவியின் தங்கை கணவன் தாமோதரன், என் சகலை, குன்றத்தூரில் குடியிருந்துகொண்டு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறான். அங்கே இயந்திரம் பொருத்த வந்தவர் மார்செல்லோ என்ற இத்தாலிக்காரர். அவருடைய மைத்துனர் ஊரில் சைக்கிள் ஃப்ரேம் கட்டுகிறார். டெய்லர் சட்டை தைக்கிற மாதிரி, ஆளுக்கு ஆள் அளவெடுத்து. மார்செல்லோ அன்று ராத்திரி விடுப்பில் ஊருக்குக் கிளம்புகிறார். எங்கள் அளவைக் கொண்டுபோய், ஃப்ரேமோடு திரும்புவதாக ஏற்பாடு.

எங்கள் சேமிப்பு ஒரு ஃப்ரேமுக்குத்தான் காணும். ஒன்று போதும் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம், ஒரு வாரம் அவனிடம், ஒரு வாரம் என்னிடம். இந்தத் துணிச்சலுக்கு ஆதாரம் எங்கள் மாமியார். பதினாறு வருடமாகத் தீபாவளிக்கு இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் ஒரே துணியில், ஒரே அளவில் சட்டை எடுத்துக் கொடுத்துவருகிறார். இரண்டு பேரும் போட்டுக்கொள்கிறோம். உயரமும் ஒன்று, ஐந்தடி ஆறு. இதற்கு மேல் ஒரு சைக்கிளுக்கு என்ன பொருத்தம் பார்க்க வேண்டும்?

செம்பரம்பாக்கம் ஏரி பனிக்குள் இருந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. நடுவில் ஒரு கொக்கு மட்டும் எதன்மீதும் நிற்காமல் நின்றது. நான்கு வழிச்சாலைக்காகக் கொட்டிய செம்மண் மேடுகள் தூரத்து மலைத்தொடர்போல வந்தன. இரண்டு வருடமாக இரவல் வாங்கிய சைக்கிள் பத்திரிகைகளைத் தவிர வேறெதையும் ஒழுங்காகப் படிக்காதவனுக்கு அந்த மேடுகள் போதும். ஆல்ப்ஸ் ஏறத் தொடங்கிவிட்டேன். தண்டலத்தில் நடத்துனர் என் தோளைத் தட்டி, "சார், தூங்கினே எறங்காத உட்றப் போறீங்க" என்றபோது நான் மூன்றாவது இடத்தில் இருந்தேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் பன்னிரண்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்கு ஆறு ரூபாய். என்னையும் கீரைக்கூடை வைத்திருந்த ஓர் அம்மாளையும் சேர்த்து ஒன்பது பேர்.

"இன்னா சார், நெலம் பாக்கவா?" என்றார் ஓட்டுநர். அந்தப் பக்கம் பேன்ட் போட்டு வருகிற எல்லோரையும் அப்படித்தான் கேட்பார் போலிருக்கிறது.

"இல்லை. சைக்கிள் வாங்க."

அவர் முழுதாகத் திரும்பிப் பார்த்தார். ஆட்டோ தன் பொறுப்பில் போய்க்கொண்டிருந்தது. "மெட்ராஸ்ல இல்லாத சைக்கிளு ஒரகடத்துல இன்னா சார் கீது?"

இத்தாலிக்காரரைப் பற்றிச் சொன்னேன்.

"அவரா! காலைல பனில சொய்ங்னு போய்க்கினே இருப்பாரு. எங்க பிள்ளப்பாக்கத்துல நாய்ங்களே அவரப் பாத்து கொலைக்கறத வுட்டுட்ச்சி சார்."

"ஏன்?"

"தொரத்தி பிரயோசனமில்லன்னு தெரிஞ்சிகிச்சி."

கீரைக்கூடை அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நெலமே வாங்கிடு நைனா. சைக்கிளு துருப்புடிச்சிரும்" என்றாள்.

பிள்ளைப்பாக்கத்துக்கு அப்பால் பனி இன்னும் கெட்டியாக இருந்தது. நெல் அறுத்த வயல்களில் மஞ்சள் தலையோடு மனைக்கற்கள் வரிசையாக நின்றன. வராத கம்பெனிகளுக்காகப் போட்ட அகலமான சாலைகள் வலப்பக்கம் பிரிந்து, விளக்குக் கம்பங்களோடு கொஞ்ச தூரம் போய்ப் பனைமரங்களுக்கு முன்னால் சட்டென்று நின்றன. விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன, யாருக்கென்று தெரியாமல். ஒரு மாடிவீட்டுக் கொடியில் ஒரே நீலத்தில் இருபது யூனிபாரம் சட்டைகள் காய்ந்தன. தெற்கேயிருந்து வந்து அறையெடுத்துத் தங்கியிருக்கும் பையன்களுடையவை. காற்றில் எல்லாச் சட்டைகளும் ஒன்றாகக் கை தூக்கின. நான் பதிலுக்குக் கை தூக்காமல் இருந்தது என் அலுவலகப் பயிற்சி.

ஒரகடம் கூட்டுரோட்டில் தாமு நின்றிருந்தான். நைட் ஷிப்ட் முடித்து யூனிபாரத்தோடு வந்திருந்தான், கண் சிவந்திருந்தது.

"வாங்கண்ணே. தொப்பைய வூட்ல வெச்சிட்டு வரச் சொன்னனே."

"அதற்குத் தனி டிக்கெட் கேட்டான். மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்."

மார்செல்லோ தங்கியிருந்தது, நிலம் விற்ற பணத்தில் ஒரு விவசாயி கட்டிய ரோஸ் கலர் வீட்டு மாடியில். மொட்டைமாடியில் இரும்புக்குழாயில் செய்த ஒரு தாங்கி இருந்தது: சக்கரமில்லாத சைக்கிள். அதன் சீட்டும் ஹேண்டில்பாரும் முன்னும் பின்னும் மேலும் கீழும் நகரும். மார்செல்லோவுக்கு ஐம்பது வயதிருக்கலாம். அவர் பேசியது ஆங்கிலம்; ஆனால் அதில் ஷாப் ஃப்ளோர் தமிழ் நன்றாக ஊறியிருந்தது.

முதலில் என்னைச் சுவரோடு நிற்கவைத்தார். ஒரு ரசமட்டத்தை எடுத்து இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து, மரியாதைக்கு இடமில்லாத உயரம்வரை தூக்கினார். கொத்தனார் சுவருக்கு வைக்கிற கருவி. ரசம் நடுவில் நிற்கிறதா என்று தாமு குனிந்து பார்த்துச் சொன்னான். பதினாறு வருட சகலை உறவில் அவ்வளவு நெருக்கமாக நாங்கள் இருந்ததில்லை. பிறகு கை, தோள், முதுகு.

"மூச்சை வெளியே விடுங்கள்" என்றார் மார்செல்லோ.

"விட்டுவிட்டேன்."

"போதாது. மிச்சத்தையும்."

விட்டேன். வயிறு தன் உண்மையான இடத்துக்கு வந்து சேர்ந்தது. "கொஞ்சம் லூசாகவே வையுங்கள், பின்னால் பிடித்துக்கொள்ளலாம்" என்று டெய்லரிடம் சொல்வதுபோலச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

தாமுவையும் அளந்துவிட்டுப் பென்சிலால் இரண்டு படங்கள் வரைந்தார். பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எனக்கே தெரிந்தது. உயரம் ஒன்றுதான். ஆனால் நான் முழுக்க முழுக்க உடம்பு, அவன் முழுக்க முழுக்கக் கால். மாமியாரின் சட்டை இடுப்போடு நின்றுவிடுவதால் பதினாறு வருடமாக இது வெளியே வரவில்லை.

"உங்கள் மேல்பாதியும் இவருடைய கீழ்ப்பாதியும் சேர்ந்தால் அருமையான ஆள்" என்றார்.

"சீட்ட ஏத்தி எறக்கிக்கலாம் சார். அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றான் தாமு.

மார்செல்லோ பென்சிலைக் கீழே வைத்தார். "இந்த நாட்டில் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த வார்த்தை இது. ஒரு வருஷமாக இதோடு சண்டை போடுகிறேன். சீட் ஏறும். இந்தக் குறுக்குக் கம்பி நீளுமா? இரண்டு பேருக்கும் நடுவாக ஓர் அளவு எடுத்தால், இன்னும் பிறக்காத மூன்றாவது ஆளுக்குத்தான் பொருந்தும். ஒருவர். யார் என்று நீங்கள் சொல்லுங்கள்."

நாங்கள் இருவரும் மிகுந்த அக்கறையோடு சாலையைப் பார்த்தோம்.

அவரும் சாலையைப் பார்த்தார். தன் சொந்தச் சைக்கிளைக் கீழே இறக்கினார். ஆளுக்கொரு முறை எதிரே பிரிந்த புதுச்சாலையின் கடைசிவரை போய்த் திரும்பச் சொன்னார். "ஓட்டினால் தெரியும்."

எனக்காகச் சீட்டை இறக்கினார். ஏறினேன். முதல் நூறு அடிக்கு அது என்னை ஓட்டியது. பிறகு ஏதோ ஒன்று இளகியது. சங்கிலியின் சத்தம்கூட இல்லை. பனி முகத்தில் ஈரமாக ஒட்டியது. பக்கவாட்டில் மனைக்கற்கள் வேகம் பிடித்து ஒரே மஞ்சள் கோடாயின. எனக்கு எடையில்லை, வயதில்லை, பென்ஷன் கணக்கில்லை. சாலைத் தடுப்பில் தூங்கிக்கொண்டிருந்த எருமை தலையைத் தூக்கி, நான் அதன் கனவில் வந்தவன் என்பதுபோலப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தது.

அந்த இடத்தில்தான் கவனித்தேன். 'எருமையின் கனவில் வந்தவன்' என்று நான் அப்போதே வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். இதை யாரிடம் முதலில் சொல்வது, ஆபீஸிலா, வீட்டிலா என்றும் யோசித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில், சாலை முடிய இன்னும் அரைக் கிலோமீட்டர் இருக்கும்போதே திரும்பிவிட்டேன்.

சீட்டை ஏற்றித் தாமுவை அனுப்பினார். யூனிபாரம் பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு போனான். பனி மூடிக்கொண்டது.

மார்செல்லோ கரி மாதிரி ஒரு காப்பி போட்டுக் கொடுத்தார். குடித்தோம். அவன் வரவில்லை. என் அனுபவத்தை முழுக்கச் சொன்னேன். எருமையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அவன் வரவில்லை. பனி விலகி வல்லக்கோட்டை பக்கத்து மரங்கள் தெரிந்தன. ஒன்பதரை மணி வெயில் மாடிக்கு ஏறியது. சாலை முடிகிற இடம் இப்போது கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே யாரும் இல்லை.

"திருடிவிட்டாரோ?" என்றார் மார்செல்லோ.

"எங்கள் குடும்பத்தில் அவ்வளவு சுறுசுறுப்பு கிடையாது" என்றேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ராத்திரி முழுக்க லைனில் நின்றவன்.

போன பக்கமாக வராமல், ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, முழங்காலில் சேறு. இறங்கிய பிறகும் ஒரு கையை ஹேண்டில்பார்மேலேயே வைத்திருந்தான்.

"எங்கேடா போனே?"

"தெரிலண்ணே. போய்க்கினே இருந்தன்."

"எப்படி இருந்தது?"

 "இன்னாத்த சொல்றது" என்றான். பிறகு என்னைப் பார்த்ததும் அவனுக்கு முறை ஞாபகம் வந்துவிட்டது. நான் மூத்தவளின் புருஷன். எங்கள் வீட்டில் இலை போடுவதிலிருந்து கார் முன்சீட்வரை அதற்கு ஒரு வரிசை உண்டு. "சார், அண்ணன் அளவே எழுதிக்கோங்க" என்று என் பக்கம் சட்டென்று கை நீட்டினான்.

நான் சும்மா இருந்தால் போதும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சும்மா இருப்பதில் எனக்கு முப்பது வருட சர்வீஸ். கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு நானும் அவன் பக்கம் கை நீட்டினேன்.

மார்செல்லோ இரண்டு கைகளையும் பார்த்தார். "எங்கள் ஊரில் இப்படி வந்தால், மெதுவாகக் கை நீட்டியவருக்குத்தான் ஆசை அதிகம் என்போம்" என்று சொல்லி, என் படத்தை எடுத்து மேலே எழுதத் தொடங்கினார்.

"இல்லை சார். அவனுடையது."

"அண்ணே, சும்மா இருங்க! டாக்டரு உங்களுக்குத்தான ஓட்டச் சொன்னாரு? எனக்கு இன்னா சக்கரையா, உப்பா?"

"நீ வாயை மூடு. டாக்டர் நடக்கத்தான் சொன்னார்."

"சின்ன வயசுலேந்து கம்பெனிக்கி சைக்கிள்ல போய்ப் போய் சலிச்சிகிறேன் நானு!"

"சலித்தவன் மூஞ்சியா இது? கண்ணாடியில் போய்ப் பார்!"

கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினோம். எங்கள் வேகத் தமிழ் பிடிபடாமல், மனம் மாறி ஃப்ரேமுக்காக அடித்துக்கொள்கிறோம் என்று நினைத்த மார்செல்லோ, நடுவில் புகுந்து "சீரி, சீரி, போதும்" என்றார். அவர் வாயில் 'சரி' அப்படித்தான் வரும். எனக்கு இருக்கிற ஆங்கிலத்தில் விளக்கினேன். நான் போகும்போதே பேசிக்கொண்டு போனேன் சார். பேசுவதற்காகத் திரும்பி வந்தேன். அவன் போனான். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆங்கிலம் தப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவர் தாமுவின் கையைப் பார்த்தார். அது இன்னும் சைக்கிள்மேல் இருந்தது. என் படத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, மற்றதன்மேல் தாமோதரன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார்.

"கலர்?"

தாமு என்னைப் பார்த்தான். "அண்ணன் சொல்லட்டும் சார்."

அத்தனை நேரம் தத்துவம் பேசிய நான் அரை நொடியில் பதில் சொன்னேன்: "வெளிர் நீலம்."

"லேடீஸ் சைக்கிள் கலருண்ணே அது!"

"எழுதுங்கள் சார்" என்றேன்.

ஸ்ரீபெரும்புதூர்வரை ஷேர் ஆட்டோவில் என்னோடு வந்து தாமு வழியனுப்பினான். நான் பஸ் இருக்கையில் உட்கார்ந்ததும் கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "எங்க போனன்னு கேட்டீங்களே" என்று ஆரம்பித்தான். "ரோடு முடியுதுல்ல, அந்தாண்ட ஒரு ஏரிக்கர போவுது. எறங்கித் தூக்கினு ஏறிட்டன். மேல பாத்தா..." வண்டி கிளம்பிவிட்டது. கூடவே கொஞ்சம் ஓடிவந்து ஏதோ சொன்னான். கேட்கவில்லை.

தண்டலம்வரை எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. என் தெருவில் குடிநீர் வாரியம் தோண்டிய பள்ளத்தை நினைத்துப் பார்த்து, அங்கே அந்தச் சைக்கிளை நிறுத்தக்கூட முடியாது என்று ஆறுதல் தேடினேன். பாதிதான் உதவியது. பிறகு, கேட்காமல் விட்ட மிச்சத்தை நானே யோசிக்க ஆரம்பித்தேன். ஏரிக்கரைமேல் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பனி. ராத்தூக்கம் இல்லாத ஒருவன், சாக்ஸுக்குள் பேன்ட்டைச் செருகிக்கொண்டு, யாரிடமும் எதையும் சொல்லும் எண்ணமில்லாமல் மிதித்துக்கொண்டிருக்கிறான். கரை வளைந்துகொண்டே போகிறது. வண்டி பூந்தமல்லிக்குள் நுழைந்தபோதும் அவன் திரும்பவில்லை.